எட்டு பாருக்கு ஓர் எல்லைக்கல்: ‘மோனின்’ ஆல்பத்தின் ஈர்ப்பு எங்கிருந்து வருகிறது?

ஜாஸ் பழக்கமில்லாத ஒருவருக்கு எதை முதலில் கேட்கக் கொடுப்பது என்ற பேச்சு வந்தால் நாலைந்து ஆல்பங்களின் பெயர்தான் திரும்பத் திரும்ப அடிபடும். மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’, டேவ் புரூபெக்கின் ‘டைம் அவுட்’ ஆகியவற்றோடு அந்த வரிசையில் தவறாமல் வந்து நிற்பது ஆர்ட் பிளேக்கியும் ஜாஸ் மெசெஞ்சர்ஸ் குழுவும் வாசித்த ‘மோனின்’. முதல் இரண்டும் அங்கே இருப்பதற்குக் காரணம் சொல்வது எளிது. டேவிஸ் கார்டுகளின் நெரிசலைக் குறைத்து, ஓரிரு ஸ்கேல்களின் மேல் இசையை உலவவிட்டார். புரூபெக் ஐந்தாகவும் ஒன்பதாகவும் எண்ண வேண்டிய தாளங்களைப் பொதுமக்களின் காதுக்குக் கொண்டுபோனார். வரலாற்று நூல்கள் இரண்டுக்கும் தனி இடம் ஒதுக்கும். ‘மோனின்’ அப்படி எதையும் கண்டுபிடிக்கவில்லை. அதன் ஆறு உருப்படிகளும் அன்று எல்லோருக்கும் தெரிந்த வடிவங்களிலேயே பெரும்பாலும் அமைந்தவை. ஆனாலும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அது அச்சிலிருந்து விலகாமல், புதுப் புது ஆட்களைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கிறது. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கங்கள் மூன்று: கறுப்பின தேவாலயத்தின் உணர்ச்சி அதில் இருக்கிறது, அது எளிமையானது, புளூ நோட் நிறுவனத்தின் ஒலியும் அட்டைப்படமும் ஒரு காலத்து ஏக்கத்தைக் கிளப்புகின்றன. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றையும் சேர்த்தாலும் கணக்கு நேராகவில்லை. ஒரு ஜாஸ் கலைஞர் தன் கற்பனையில் எங்கே போகிறார் என்பதைச் சாதாரணக் கேட்பவரும் அடிக்கு அடி தொடர்ந்து வரும்படி கட்டப்பட்ட ஆல்பம் இது என்பதே என் வாதம். அந்தக் கட்டுமானம் திட்டமிட்ட உழைப்பு. அது கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதால்தான் நாம் அதை ‘உணர்ச்சி’ என்றும் ‘எளிமை’ என்றும் பெயர் சொல்லி அழைத்துவிடுகிறோம்.

முதலில் ஆட்களைப் பார்த்துவிடலாம். 1958 அக்டோபர் 30 அன்று நியூ ஜெர்சியின் ஹேக்கன்சாக்கில், ரூடி வேன் கெல்டரின் பெற்றோர் வீட்டு முன்கூடத்தில், ஒரே நாளில் இது பதிவானது. வேன் கெல்டர் அப்போது பகலில் கண்பார்வை பரிசோதகர், மற்ற நேரத்தில் ஒலிப்பதிவாளர். டிரம்ஸில் 39 வயது பிளேக்கி. மற்ற நால்வரும் பிலடெல்பியாக்காரர்கள்: டிரம்பெட்டில் லீ மார்கன், டெனர் சாக்ஸபோனில் பென்னி கோல்சன், பியானோவில் பாபி டிம்மன்ஸ், பேஸில் ஜிமி மெரிட். மார்கனுக்கு வயது 20தான், டிம்மன்ஸுக்கு 22. ஆல்பத்தின் ஆறு உருப்படிகளில் நான்கை எழுதியவர் கோல்சன். தலைப்புப் பாடல் டிம்மன்ஸுடையது. ஆறாவதான ‘கம் ரெய்ன் ஆர் கம் ஷைன்’ 1946இல் ஹெரால்ட் ஆர்லன் ஒரு இசை நாடகத்துக்காக மெட்டமைத்தது. முதலில் இந்தத் தட்டு குழுவின் பெயரை மட்டுமே தாங்கி வெளிவந்தது. முதல் உருப்படி பெற்ற வரவேற்பால் ஆல்பத்துக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. இதில் கவனிக்க வேண்டியது கோல்சனின் இடம். மெசெஞ்சர்ஸ் அதற்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளில் பல நிறுவனங்களுக்குப் பதிவு செய்து, ஆட்கள் மாறி மாறி, ஒரு முகம் இல்லாமல் அலைந்துகொண்டிருந்தது. கோல்சன் வந்து சேர்ந்ததும் இசைப் பொறுப்பாளரானார், தன் ஊர்க்காரர்களைக் கொண்டுவந்தார், புது உருப்படிகள் எழுதினார். சில மாதங்களே குழுவில் இருந்த அவருடைய கையெழுத்து அதன் மிகப் புகழ்பெற்ற ஆல்பத்தின் மேல் முழுக்கப் பதிந்திருக்கிறது.

‘மோனின்’ சார்ந்த ஹார்ட் பாப் என்ற பாணி எந்தச் சிக்கலுக்கு விடையாகப் பிறந்தது என்று தெரிந்தால் இந்த உழைப்பின் பொருள் விளங்கும். 1940களில் சார்லி பார்க்கரும் டிஸி கில்லெஸ்பியும் உருவாக்கிய பீபாப், ஜாஸை நடனக்கூடத்திலிருந்து பிரித்து, உட்கார்ந்து கேட்க வேண்டிய இசையாக்கியது. அதன் வேகமும் கார்டுகளின் அடர்த்தியும் வாசிப்பவருக்குப் பெரும் சுதந்திரம் தந்தன. கேட்பவருக்கோ பல வேளைகளில் வழி தெரியாமல் போயிற்று. மெட்டு கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடி முடியும், பிறகு தனிவாசிப்பு, எங்கே ஒரு சுற்று முடிந்தது, எங்கே அடுத்தது தொடங்கியது என்பது பயின்ற காதுக்கே பிடிபடும். 1950களின் தொடக்கத்தில் எழுந்த கூல் ஜாஸ் இதற்கு ஒரு மாற்று: வேகத்தைத் தணித்து, ஒலியை மெலிதாக்கி, பல குரல்களை நுட்பமாகப் பின்னியது. நியூயார்க், பிலடெல்பியா, டெட்ராய்ட் போன்ற நகரங்களின் கறுப்பினக் கலைஞர்கள் தேடிய விடை வேறு. பீபாப்பின் மொழியை அவர்கள் கைவிடவில்லை. அதன் மேல் புளூஸையும் தேவாலயப் பாட்டின் அசைவையும் அழுத்தமான தாளத்தையும் ஏற்றினார்கள். ஹொரேஸ் சில்வரும் பிளேக்கியும் 1954 நவம்பரிலும் 1955 பிப்ரவரியிலும் ஜாஸ் மெசெஞ்சர்ஸ் பெயரில் செய்த பதிவுகளை இதன் தொடக்கமாகப் பலர் சொல்வார்கள். அவற்றிலுள்ள ‘த பிரீச்சர்’ உருப்படியைப் புளூ நோட் நிறுவனர் ஆல்பிரட் லயன் பழைய பாணி என்று ஒதுக்கப் பார்த்தார். சில்வர் பிடிவாதமாக நின்றார்; அதுவே நன்றாக விற்றது.

முதல் விளக்கம் தேவாலயம். இதற்குச் சான்று வலுவாகவே இருக்கிறது. டிம்மன்ஸின் பாட்டனார் ஒரு போதகர். சிறுவனாகவே டிம்மன்ஸ் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். ‘மோனின்’ மெட்டில் ஒரு வரி புலம்பலாக எழும். உடனே இரண்டு கார்டுகள் பதில் சொல்லும். அந்த இரண்டும் கிறிஸ்தவப் பாடல்களின் இறுதியில் ‘ஆமென்’ என்று சபை பாடும் அதே கார்டுகள். காலமும் அப்படிப்பட்டது. பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1954இல், மாண்ட்கமரி பேருந்துப் புறக்கணிப்பு 1955-56இல், லிட்டில் ராக் பள்ளி மோதல் 1957இல். தேவாலயம் போராட்டத்தின் கூடாரமாக இருந்த நாட்கள் அவை. அந்த ஒலியைக் கறுப்பினக் கேட்பவர் தம்முடையது என்று பெருமையோடு உடனே அடையாளம் கண்டிருப்பார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த விளக்கம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. பதிவு முடிந்த அடுத்த மாதமே குழு ஐரோப்பா போனது. பாரிஸின் ஒலிம்பியா அரங்கில் நவம்பர் 22 அன்று இதே உருப்படிக்குக் கிடைத்த வரவேற்பு பதிவாகவே இருக்கிறது. 1961 ஜனவரியில் ஜப்பான் போனபோது நிலைமை இன்னும் ஒருபடி மேலே. நூடுல்ஸ் கொண்டுபோய்க் கொடுக்கும் கடைப்பையன்கூட ‘மோனின்’ மெட்டை முணுமுணுத்தான் என்பது அந்நாட்டு ஜாஸ் உலகில் இன்றும் சொல்லப்படும் பேச்சு. தோக்கியோவின் கடைப்பையனுக்கு பிலடெல்பியா சபையின் ‘ஆமென்’ எந்த நினைவையும் எழுப்பியிருக்க முடியாது. அவன் காதில் விழுந்தது ஒரு கேள்வியும் ஒரு பதிலும்தான். சபையின் நினைவு இல்லாதவரிடமும் வேலை செய்யும் ஒன்று அந்த வடிவத்துக்குள் இருந்திருக்க வேண்டும்.

அந்த வடிவத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். மெட்டு மொத்தம் 32 பார். நான்கு அடிகள் சேர்ந்தது ஒரு பார். எட்டு பார் ஒரு பகுதி. ஒரே பகுதி இரண்டு முறை வந்து, மூன்றாவதாக வேறொரு பகுதி, மறுபடி முதல் பகுதி என்று அமைவது அமெரிக்கப் பாட்டுகளில் அரைத்துப் பழகிய அச்சு. முதல் எட்டு பாரில் பியானோ தனியாக முன்பாட்டுப் பாடும். டிரம்பெட்டும் சாக்ஸும் பின்பாட்டாக அந்த இரண்டு கார்டுகளை வைக்கும். முன்பாட்டு ஒலிக்கும்போது தாளம் நின்றுவிடும். பியானோவுக்கும் அமைதிக்கும் நடுவில் வேறு எதுவும் இருக்காது. அடுத்த எட்டு பாரில் இடம் மாறும்: டிரம்பெட்டும் சாக்ஸும் முன்பாட்டை எடுத்துக்கொள்ள, பியானோவும் தாளக்காரர்களும் பதில் சொல்வார்கள். நின்று நின்று போன இசை மூன்றாவது எட்டில் முதன்முறையாகத் தடையின்றி ஓடத் தொடங்கும். மெரிட்டின் பேஸ் நடைபோடும், பிளேக்கியின் சிம்பல் விரியும். நான்காவது எட்டில் பழைய பேச்சே திரும்பும். ஒரு நிமிடத்துக்குள் கேட்பவருக்கு மூன்று விஷயங்கள் மனப்பாடமாகிவிடுகின்றன: ஒரு பகுதியின் நீளம் எவ்வளவு, நிறுத்தம் எங்கே, ஓட்டம் எங்கே. இதை யாரும் அவருக்கு விளக்கிச் சொல்லவில்லை. இசையே கற்றுக்கொடுத்துவிட்டது.

இந்த மெட்டு உருவான கதையும் இதையே சொல்கிறது. டிம்மன்ஸ் மேடையில் ஒரு உருப்படிக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நேரத்தில் அந்த எட்டு பார் துணுக்கைச் சும்மா வாசித்துக்கொண்டிருப்பாராம். கோல்சன் அதைக் கவனித்து, நடுப்பகுதி ஒன்று சேர்த்தால் முழு உருப்படியாகிவிடும் என்று அவரை வற்புறுத்தினார். இது வெறும் துணுக்குதான் என்று தட்டிக்கழித்தவரை ஒத்திகையில் உட்காரவைத்து எழுதவைத்ததாகக் கோல்சன் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தேவாலய உணர்ச்சி முழுவதும் அந்தத் துணுக்கிலேயே இருந்தது. அப்படியிருந்தும் அது இடைவேளையை நிரப்பும் விளையாட்டாகவே கிடந்தது. எட்டு பார் நடுப்பகுதி சேர்ந்து, முன்பாட்டும் பின்பாட்டும் வாத்தியம் மாறி மாறிப் பங்கிடப்பட்ட பிறகுதான் அது ‘மோனின்’ ஆனது. நடுப்பகுதியில் கிடைக்கும் ஓட்டம் இல்லாவிட்டால் முதல் பகுதியின் நிறுத்தங்களுக்கு எடை இருந்திருக்காது. ‘தலைப்புப் பாடலை எழுதியவர் கோல்சன் இல்லையே, கட்டுமானம்தான் காரணம் என்றால் அவர் எழுதிய நான்கில் ஒன்றல்லவா அதிகப் புகழ் பெற்றிருக்க வேண்டும்’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. உணர்ச்சிப் பொருள் டிம்மன்ஸுடையது, அதை உருப்படியாக்கிய பார்வை கோல்சனுடையது என்பதே பதில். ஒன்றில்லாமல் மற்றொன்று என்னவாகியிருக்கும் என்பதற்கு இடைவேளைத் துணுக்கே சாட்சி.

மெட்டு முடிந்ததும் மார்கன் நுழைகிறார். ஜாஸ் பதிவுகளில் இப்படிப்பட்ட நுழைவுகள் குறைவு. புளூஸ் வாடை வீசும் ஒரு சிறு துணுக்கை வைத்து, அதையே மறுபடி சொல்லி, பிறகே விரிக்கிறார். மெட்டு எந்த இலக்கணத்தைக் கற்றுக்கொடுத்ததோ அதே இலக்கணத்தில்தான் அவருடைய வாக்கியங்களும்: சொல், நிறுத்து, பதில் சொல். அவர் முடித்த சொல்லையே எடுத்துக்கொண்டு கோல்சன் தொடங்குகிறார். பிறகு டிம்மன்ஸ். மூவருக்கும் இரண்டிரண்டு சுற்று, மெரிட்டுக்கு ஒன்று, மறுபடி மெட்டு. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பதால் யாரும் அலுக்கும்வரை நிற்பதில்லை. இவை அனைத்துக்கும் அடியில் பிளேக்கி. அவருடைய இடது கால் இரண்டாவது, நான்காவது அடிகளில் ஹை-ஹாட்டை மூடுவது கடிகாரம் போல விழுந்துகொண்டே இருக்கும். அதைவிட முக்கியம், பகுதிகள் மாறும் வாசல்களில் அவர் காட்டும் அடையாளம். ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடத்தில் ஸ்னேர் டிரம்மின் உருட்டல் அடங்கிய குரலில் புறப்பட்டு, மேலேறி, அடுத்தவரைத் தூக்கி எறிவதுபோல முடியும். பிளேக்கியின் இந்த உருட்டலை அவருடைய ஆவேசத்துக்கு அடையாளமாகவே எழுதுவார்கள். எனக்கு அது நெடுஞ்சாலையின் எல்லைக்கல்லாகவே படுகிறது. எங்கே இருக்கிறோம் என்பதை அது ஒவ்வொரு முறையும் கேட்பவருக்குச் சொல்லிவிடுகிறது. அந்தத் தெளிவு இருப்பதால்தான் மார்கன் எல்லையைத் தாண்டி வாக்கியத்தை இழுக்கும்போது அது ஒரு துணிச்சலாகக் காதில் விழுகிறது. எல்லை தெரியாதவருக்கு மீறலும் தெரியாது.

இந்த வாதத்துக்கு நல்ல சோதனை அடுத்த ஆண்டு வந்த ‘கைண்ட் ஆஃப் புளூ’. அதன் முதல் உருப்படி ‘ஸோ வாட்’ 1959 மார்ச் 2 அன்று, அதாவது ‘மோனின்’ பதிவாகி நான்கு மாதம் கழித்துப் பதிவானது. அதிலும் 32 பார், அதே நான்கு பகுதி அமைப்பு. அதிலும் ஒரு வாத்தியம் முன்பாட்டைச் சொல்ல, இரண்டு கார்டுகள் பின்பாட்டாக விழும். முன்பாட்டு இங்கே பேஸில், பின்பாட்டை முதலில் பியானோவும் பிறகு ஊதுவாத்தியங்களும் எடுத்துக்கொள்ளும். ஒன்று வேர்களைப் பிடித்துக்கொண்டு பின்னே பார்ப்பது, மற்றொன்று எதிர்காலத்தைத் திறந்தது என்று நூல்கள் இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்துகின்றன. கார்டுகளை மட்டும் பார்த்தால் அது சரி. ‘ஸோ வாட்’ நடுப்பகுதியில் அரைச் சுரம் மேலே நகர்வதோடு சரி, ‘மோனின்’ நடுப்பகுதியில் கார்டுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போகும். ஆனால் முதல் கேட்பிலேயே ஒருவரைப் பிடித்து உட்காரவைப்பது எது என்று பார்த்தால் இரண்டுக்கும் பொதுவாக இருப்பது அந்தக் கேள்வி பதில் சட்டகம்தான். ஜாஸ் அறிமுகத்துக்கு அதிகம் பரிந்துரைக்கப்படும் இரண்டு ஆல்பங்களும் ஒரே வாசல் வழியாகக் கேட்பவரை உள்ளே அழைப்பதைத் தற்செயல் என்று நம்ப எனக்கு மனமில்லை. எளிமை என்ற இரண்டாவது விளக்கமும் இங்கே ஆட்டம் காண்கிறது. எளிமையான மெட்டுகள் அந்தக் காலத்தில் ஆயிரம் இருந்தன. அடிப்படை 12 பார் புளூஸை விட எளிமையானது ஜாஸில் இல்லை. ஒவ்வொரு பதிவுக்கூடத்திலும் நேரம் போதாதபோது வாசிக்கப்பட்டது அதுதான். அவற்றில் பெரும்பாலானவை இன்று சேகரிப்பாளர்களின் அலமாரியில் மட்டும் உயிரோடிருக்கின்றன.

நேரம் போதாமை என்றதும் ஒரு நிர்வாக உண்மையைச் சொல்லியாக வேண்டும். புளூ நோட் நிறுவனத்தை நடத்திய ஆல்பிரட் லயனும் பிரான்சிஸ் வுல்ஃபும் பெர்லினிலிருந்து வந்தவர்கள். சிறு முதலீடு, சிறு அலுவலகம். ஆனாலும் அவர்கள் ஒத்திகைக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அந்தக் காலத்துப் போட்டி நிறுவனங்களில் இது வழக்கமில்லை; கலைஞர்கள் வந்து சேர்ந்து, அங்கேயே தெரிந்த பாட்டுகளைப் பேசி முடிவுசெய்து வாசித்துவிட்டுப் போவார்கள். இந்த ஆல்பத்துக்குக் கோல்சன் எழுதிய ‘அலாங் கேம் பெட்டி’ போன்ற ஒன்றை அப்படி வாசிக்க முடியாது. டிரம்பெட்டும் சாக்ஸும் சேர்ந்து நடக்கும் அந்த மெட்டு கேட்க மிதமாக இருக்கும். அடியில் கார்டுகள் எதிர்பாராத திசைகளில் திரும்பிக்கொண்டே இருக்கும். வாசிப்பவர்கள் அதைக் கற்றுவைத்திருக்க வேண்டும். ‘புளூஸ் மார்ச்’ இன்னொரு வகை. ராணுவ அணிவகுப்பின் டிரம் ஒலியில் தொடங்கி, அதே 12 பார் புளூஸை அணிவகுப்பு நடையில் வைத்து, தனிவாசிப்பு வந்ததும் அதைத் துள்ளலாக மாற்றுகிறது. ஜாஸின் மிகப் பழைய முகமான நியூ ஆர்லியன்ஸ் பித்தளை வாத்தியக் குழுக்களை அது நினைவுபடுத்துகிறது. அது கேலியாகவும் இல்லை, அருங்காட்சியகமாகவும் இல்லை. அணிவகுப்பின் சதுரம் காதில் பதிந்துவிட்டதால் பிறகு வரும் துள்ளல் ஒவ்வொன்றும் சதுரத்தை மீறுவதாக ஒலிக்கிறது. ‘மோனின்’ மெட்டு செய்த வேலையையே இது வேறு சரக்கைக் கொண்டு செய்கிறது. ‘கம் ரெய்ன் ஆர் கம் ஷைன்’ பாட்டை எல்லோரும் மெதுவாக உருகிப் பாடுவார்கள். இங்கே மெட்டை வெட்டி, நடுத்தர வேகத்தில் ஊதுவாத்தியங்களின் குறு வாக்கியங்களாக்கியிருக்கிறார்கள். ‘ஆர் யூ ரியல்’ இவற்றோடு ஒப்பிடும்போது சாதாரணம். நன்றாக ஓடுகிறது, அவ்வளவுதான்.

என் வாதத்துக்குப் பணியாத உருப்படி ஒன்று உண்டு: ‘த டிரம் தண்டர் சூட்’. பிளேக்கி குச்சிகளை வைத்துவிட்டு, பஞ்சுத் தலை கொண்ட மாலெட்டுகளை எடுத்து வாசிக்க வேண்டும் என்ற எண்ணத்தில் கோல்சன் மூன்று பகுதிகளாக எழுதியது. இதில் கேட்பவருக்கு எண்ணிக்கொண்டே வர எளிய சட்டகம் இல்லை. உறுமலும் இடியும் வருகின்றன, நடுவில் லத்தீன் சாயலில் ஒரு மெட்டு எழுகிறது, பிறகு மறுபடி டிரம்ஸ். ஆல்பத்தை விரும்புகிற பலர் இதைத் தாண்டிப் போவது இயல்பே. ஆனால் இதை வீண் என்று தள்ள முடியாது. டிரம்ஸ் எல்லைக் காவலை விட்டுவிட்டுத் தானே பேசத் தொடங்கினால் என்ன ஆகும் என்று காட்டும் மறுபக்கம் இது. மற்ற ஐந்திலும் பிளேக்கி எவ்வளவு அடக்கி வாசித்திருக்கிறார் என்பது இதைக் கேட்ட பிறகுதான் உறைக்கும். இடி முழக்கக்காரர் என்று பெயரெடுத்த ஒருவரின் மிகப் பிரபலமான ஆல்பத்தில் அவருடைய முதன்மைப் பணி மற்றவர்களுக்கு வழிகாட்டுவதாக இருப்பதை விமர்சகர்கள் இன்னும் போதுமான அளவு எழுதவில்லை என்றே நினைக்கிறேன்.

மூன்றாவது விளக்கம் ஒலியும் ஏக்கமும். ரீட் மைல்ஸ் வடிவமைத்த அட்டையில் பிளேக்கியின் முகம் நெருக்கத்தில். வேன் கெல்டரின் பதிவில் டிரம்பெட் பளபளவென்று முன்னால் நிற்கும், சிம்பல் ஒலி கைக்கு எட்டும் தூரத்தில் விழும். இவை இன்று சட்டையிலும் சுவரொட்டியிலும் விற்கும் சரக்குகள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதே கூடத்தில், அதே மனிதரின் கையால், அதே ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான பதிவுகள் நடந்தன. ஒலியும் அட்டையும் காரணமென்றால் அவை எல்லாமே இதே அளவுக்கு நிலைத்திருக்க வேண்டும். இன்னொன்று, வேன் கெல்டரின் ஒலி எல்லோருக்கும் பிடித்ததும் இல்லை. அவர் கலைஞர்களின் சொந்த ஒலியை மாற்றிவிடுகிறார் என்று சார்ல்ஸ் மிங்கஸ் குறை சொன்னார். பியானோ பெட்டிக்குள் அடைபட்டதுபோலக் கேட்கிறது என்ற புகார் இன்றும் உண்டு. தலைப்பு உருப்படியின் தொடக்கத்திலேயே அந்தப் பெட்டித்தனம் தெரியும். எனக்கு அங்கே அது பொருந்தியே போகிறது, ஆனால் அது சுவையைப் பொறுத்தது. ஏக்கம் ஒருவரைத் தட்டை வாங்க வைக்கலாம். இருபதாவது முறை கேட்க வைப்பதற்கு வேறு ஏதாவது வேண்டும்.

மிகக் கடுமையான ஆட்சேபம் உள்ளிருந்தே வந்தது. லீராய் ஜோன்ஸ், பின்னாளில் அமிரி பராக்கா, 1963இல் வெளியிட்ட ‘புளூஸ் பீப்புள்’ நூலில் ஹார்ட் பாப்பை அவ்வளவு மெச்சவில்லை. வேருக்குத் திரும்புகிறோம் என்ற பெயரில் தேவாலயச் சாயல் ஒரு மேல்பூச்சாகிப்போனது என்பது அவருடைய குறையின் சாரம். அப்போது கடைகளில் இறங்கிக்கொண்டிருந்த தட்டுகளைப் பார்த்தால் அவர் கண்டது பொய் என்று சொல்ல முடியாது. ‘மோனின்’ வெற்றிக்குப் பிறகு டிம்மன்ஸ் 1959இல் கேனன்பால் ஆடர்லி குழுவுக்குப் போய் ‘திஸ் ஹியர்’, அதன் தொடர்ச்சியாக ‘டாட் டெர்’ எழுதினார், அவையும் ஓடின. ‘சோல்’ என்ற சொல் விளம்பரப் பெயரானது. இரண்டு ‘ஆமென்’ கார்டுகளும் ஒரு கைதட்டலும் இருந்தால் போதும் என்று எண்ணிய பதிவுகள் வரிசையாக வந்தன. டிம்மன்ஸே இந்த முத்திரைக்குள் சிக்கிக்கொண்டார். அதற்கு வெளியே அவர் வாசித்த நுட்பமான பியானோவைக் கேட்க ஆளில்லை. 1974இல், 38 வயதில் இறந்தார். ஆனால் பராக்காவின் குறை நகல்களுக்கு எவ்வளவு பொருந்துகிறதோ அவ்வளவுக்கு மூலத்தைக் காப்பாற்றுகிறது. நகலெடுத்தவர்கள் எடுத்தது மேல்பூச்சை. நிறுத்தத்துக்கும் ஓட்டத்துக்கும் நடுவிலான அளவு, வாத்தியங்களுக்குள் பேச்சு இடம் மாறும் முறை, எல்லையில் டிரம்ஸ் தரும் குறிப்பு ஆகியவற்றை எடுக்கவில்லை. பூச்சுதான் ஈர்ப்பின் காரணமென்றால் நகல்களும் அதே போல நிலைத்திருக்கும்.

கேட்பவரின் பங்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு பதிவுச் சான்று இருக்கிறது. 1958 டிசம்பர் 21 அன்று குழு பாரிஸின் கிளப் சாங் ஜெர்மேனில் வாசித்தது. அந்த இரவு தட்டாகவும் வந்தது. ‘மோனின்’ அங்கே பதிவுக்கூடத்தில் இருந்ததைவிட நீண்டு போகிறது. டிம்மன்ஸ் வாசித்துக்கொண்டிருக்கும்போது கூட்டத்திலிருந்து ஒரு பெண்குரல் ஆண்டவரைக் கூப்பிட்டு உரக்க ஆமோதிக்கிறது. அது பியானோக் கலைஞர் ஹேஸல் ஸ்காட்டின் குரல். தட்டை வெளியிட்டவர்கள் அதை அழிக்கவில்லை. அந்த உருப்படியின் பெயரிலேயே ஹேஸலையும் சேர்த்துவிட்டார்கள். தேவாலய விளக்கத்தை ஆதரிப்பவர்களுக்கு இது பிடித்த சான்று. அவர்கள் சொல்வது சரிதான், அந்தக் குரலின் சொற்கள் சபையிலிருந்து வந்தவைதான். ஆனால் ஸ்காட் எந்த இடத்தில் குரல் கொடுக்கிறார் என்று கேளுங்கள். டிம்மன்ஸ் ஒரு துணுக்கைத் திருப்பித் திருப்பி அடித்து, பதிலுக்கு இடம் விட்டுவிட்டுப் போகிறார். இந்த நீண்ட உருப்படியின் முதல் நிமிடத்திலேயே பதில் எங்கே விழ வேண்டும் என்று எல்லோருக்கும் கற்றுக்கொடுக்கப்பட்டுவிட்டது. அந்த இடத்தில்தான் குரல் விழுகிறது. ஜான் ஹெண்ட்ரிக்ஸ் இதே மெட்டுக்குச் சொற்கள் எழுதி, லாம்பர்ட், ஹெண்ட்ரிக்ஸ் அண்ட் ராஸ் குழு அதைப் பாடியபோதும் சொற்களுக்கு ஏற்ற இடங்கள் முன்கூட்டியே தயாராக இருந்தன.

இவ்வளவு கட்டுமானம் ஜாஸின் உயிரான சுதந்திரத்தைக் குறுக்கிவிடாதா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. 1959இல் ஆர்னெட் கோல்மன் கார்டு சட்டகத்தையே தூக்கி எறிந்தார். கோல்ட்ரேன் அதே ஆண்டில் ‘ஜயண்ட் ஸ்டெப்ஸ்’ உருப்படியில் கார்டுகளை மூச்சுமுட்டும் வேகத்துக்கு முடுக்கினார். அவர்களுக்குப் பக்கத்தில் வைத்தால் மெசெஞ்சர்ஸ் பழைமைவாதிகளாகத் தெரிவார்கள். சுதந்திரத்தை வாசிப்பவரின் பக்கமிருந்து மட்டும் அளந்தால் அந்தத் தீர்ப்பு நிற்கும். கேட்பவருக்குக் கிடைக்கும் சுதந்திரமும் ஒன்றுண்டு: அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க, ஊகம் பலித்தால் மகிழ, பொய்த்தால் வியக்க. ஹார்ட் பாப் இந்த இரண்டாவது சுதந்திரத்தைப் பெரிதாக மதித்த பாணி. இது குறைந்த லட்சியம் என்று கொள்ள வேண்டியதில்லை, வேறு லட்சியம். தலைப்பு உருப்படியின் இன்னொரு பதிவுச் சுற்று பின்னாளில் வெளிவந்தபோது சட்டகம் ஒன்றாகவே இருந்தது, தனிவாசிப்புகள் வேறாக இருந்தன. சட்டகம் யாரையும் கட்டிப்போடவில்லை.

கோல்சன் 1959 தொடக்கத்தில் விலகினார். விரைவிலேயே ஆர்ட் ஃபார்மருடன் சேர்ந்து ஜாஸ்டெட் குழுவை அமைத்தார். பிளேக்கி தாமே உருப்படிகள் அதிகம் எழுதியவர் இல்லை. ஆனால் தன் குழுவில் எழுதத் தெரிந்த ஒருவர் இருந்தாக வேண்டும் என்பதை அதற்குப் பிறகு அவர் மறக்கவே இல்லை. ஏப்ரலில் ஹேங்க் மோப்லி திரும்பி வந்து பேர்ட்லேண்டில் வாசித்த பதிவு நல்லதுதான், இருந்தும் முந்தைய ஆல்பத்தின் முகம் அதில் இல்லை. ஆண்டு முடியும் முன் வந்து சேர்ந்த வெய்ன் ஷார்ட்டர் இசைப் பொறுப்பை ஏற்றார். ‘த பிக் பீட்’ முதல் 1964இன் ‘ஃப்ரீ ஃபார் ஆல்’ வரை குழுவின் ஒலி அவருடைய எழுத்தைச் சுற்றி மறுபடி கூடியது. 1970களின் இறுதியில் அந்த இடத்தில் பாபி வாட்சன் இருந்தார். 1990 அக்டோபரில் பிளேக்கி இறக்கும்வரை குழுவுக்குள் வந்துபோன இளைஞர்களின் பட்டியல் நீளமானது. குழு நிமிர்ந்து நின்ற காலங்களை அந்தப் பட்டியலில் தேடினால் ஒவ்வொரு முறையும் கண்ணில் படுவது தனிவாசிப்பில் வெளுத்து வாங்கியவரோடு கூடவே காகிதமும் பென்சிலும் வைத்திருந்த இன்னொருவர்.